ஊர் நேரம் கூடவே வரட்டும்

பம்பு நிற்காத ஊர்

நெய்வேலிச் சுரங்கத்தில் மண் வெட்டும் இயந்திரம் பழுதுபார்ப்புக்காக ஒரு நாள் நிற்கலாம். பம்புகள் நிற்கக் கூடாது. பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே ஊற்றுநீர் பெரும் அழுத்தத்தோடு இருக்கிறது. அதை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே கரி வெட்ட முடியும். இறைப்பதை விட்டால் நீர் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு மேலேறிவிடும். 1961-ல் கரி முதன்முதலாக வெளிப்பட்ட நாள்களிலிருந்து இதே கதைதான். 1962-ல் அனல்மின் நிலையத்தின் முதல் 50 மெகாவாட் அலகு ஓடத் தொடங்கியதும் கொதிகலனுக்கும் இரவு பகல் பார்க்க ஆள் தேவைப்பட்டது. அன்று முதல் இந்த ஊரில் ஒரு பகுதியினர் எல்லா இரவும் விழித்திருக்கிறார்கள்.

வெளிநாட்டுக்கு இரண்டு நாள், மூன்று நாள் போய்த் திரும்புகிறவர்களுக்கு வரும் ஜெட் லேக் பற்றியது இந்த அத்தியாயம். அதற்கு நெய்வேலியிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. இரவு 11 மணிக்குப் படுத்துப் பழகிய ஒருவர் நைட் ஷிஃப்ட் முடித்துக் காலை 7 மணிக்குப் படுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தூக்கம் 8 மணி நேரம் பின்னால் போய்விட்டது. பூமி 8 மணி நேரத்தில் சுற்றுவது 120 பாகை. நெய்வேலியிலிருந்து அவ்வளவு தூரம் மேற்கே போனால் அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே நிற்போம். அவர் ஊரைவிட்டு வெளியே போகவில்லை; ஆனால் உடம்புக்கு ஏற்படும் குழப்பம் அந்த அளவிலானது.

விமானத்தில் போகிறவருக்கு வருகிற அதே தொல்லைகள் இவருக்கும் வருகின்றன. தூங்க வேண்டிய நேரத்தில் தூக்கம் வராது. விழித்திருக்க வேண்டிய நேரத்தில் கண்ணைக் கட்டும். பசி தப்பும், வயிறு மந்தமாகும், சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும். ஷிஃப்ட் தொழிலாளர்களின் தூக்கத்தைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்ததில் கிடைத்த பாடங்கள் குறுகிய பயணம் போகிறவருக்கு நேரடியாக உதவுகின்றன. அவற்றில் முதன்மையானது இது: நாலு நாளுக்குள் திரும்புவதாக இருந்தால் உடலின் நேரத்தை அந்த நாட்டுக்கு மாற்ற முயலாதீர்கள். ஊர் நேரத்தையே கூட வைத்துக்கொண்டு போய்வாருங்கள். ஏன், எப்படி என்பதை இனிப் பார்ப்போம்.

புளிய இலையும் குகை வௌவாலும்

மாலையானால் புளிய மரம் இலை மடக்கும், விடிந்தால் விரிக்கும். அலெக்சாண்டரின் கடற்படையைச் சேர்ந்த ஆண்ட்ரோஸ்தனிஸ் என்ற கிரேக்கர் கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் இன்றைய பஹ்ரைன் தீவில் இப்படி ஒரு மரத்தைப் பார்த்துக் குறித்துவைத்தார். அது புளிய மரம்தான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். உயிர்களின் தினசரி ஒழுங்கைப் பற்றி எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் அது ஒன்று. 1729-ல் பிரெஞ்சு அறிஞர் மேரான் தொட்டாற்சுருங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயில் படாமலேயே அது பகலில் இலை விரித்து இரவில் மடக்கியது. நேரம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை, உயிருக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்ற எண்ணம் அங்கே பிறந்தது.

இந்தத் துறையில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. எம்.கே. சந்திரசேகரன் (1937–2009) சென்னைக் கடற்கரையில் அலை புரளும் மணலுக்குள் புதைந்து வாழும் ஒரு சிறு நண்டினத்தை எடுத்து ஆராய்ந்து தம் பணியைத் தொடங்கியவர். கடலைவிட்டுப் பிரித்து ஆய்வகத்தில் வைத்தபோதும் அந்த நண்டுகள் கடல்நீரின் ஏற்ற இறக்கத்தின் தாளத்தில் சுறுசுறுப்பாவதும் ஓய்வதுமாக இருந்தன. ஜெர்மனியின் டூபிங்கனில் பணிபுரிந்துவிட்டு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். மதுரைக்கு அருகே குகைகளில் வாழும் பூச்சியுண்ணி வௌவால்களை அவரும் மாரிமுத்து முதலிய சகாக்களும் ஆராய்ந்தார்கள்.

அந்த ஆய்வை அருகிலிருந்து பார்ப்பது நல்லது. பகலும் இரவும் ஒன்றாகவே இருக்கும் கும்மிருட்டுக் குகை. அங்கே ஒரு வௌவாலைக் கூண்டில் அடைத்து வைக்கிறார்கள். அதற்கு வெளிச்சமே தெரியாது. ஆனால் அதைச் சுற்றி அதன் இனம் அந்தியில் கூட்டமாகப் பறந்து போகிறது, விடியலில் திரும்பி வந்து தொங்குகிறது. கூண்டு வௌவாலும் அதே நேரத்தில் சிறகடிக்கத் தொடங்குகிறது. நாள்கள் போனாலும் ஊர் நேரம் தவறுவதில்லை. வேறு வௌவால்கள் இல்லாத தனிமையில் வைத்தால் கதை மாறுகிறது. கடிகாரம் ஓடுகிறது, ஆனால் தன்போக்கில் ஓடுகிறது. நாளுக்கு நாள் சிறிது சிறிதாக வெளியுலகத்தின் நேரத்தைவிட்டு விலகிப்போகிறது. 1981-ல் வெளிவந்த இந்த ஆய்வு, கூட்டாளிகளின் நடமாட்டமே ஓர் உயிரின் கடிகாரத்தைத் திருத்திவைக்க முடியும் என்று காட்டியது.

மனிதருக்காகவும் மதுரைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு தனிமை அறை கட்டினார்கள். நேரத்தைக் காட்டும் எதுவும் உள்ளே இராது. வெயில் இல்லை, வெளிச் சத்தம் இல்லை. விருப்பப்பட்டு வந்தவர்கள் நாள்கணக்கில் அங்கே தங்கி, தோன்றும்போது தூங்கி, தோன்றும்போது எழுந்தார்கள். அவர்களுடைய நாள் 24 மணி நேரத்தில் அப்படியே நிற்காமல் நீண்டது. வேறு ஆய்வகங்களில் இன்னும் கட்டுப்பாடான முறையில் அளந்தபோது, மனித உடல் கடிகாரத்தின் சராசரிச் சுற்று ஏறத்தாழ 24 மணி 11 நிமிடம் என்று ஹார்வர்டைச் சேர்ந்த சார்ல்ஸ் சைஸ்லர் குழு 1999-ல் வெளியிட்டது.

அந்தப் பதினோரு நிமிடத்தைத்தான் ஒவ்வொரு நாளும் வெளிச்சம் திருத்துகிறது. மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் நரம்புகள் குறுக்காகக் கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு இரட்டைத் திட்டு இருக்கிறது. தலைமைக் கடிகாரம் அதுதான். விழித்திரையில் உருவம் பார்ப்பதற்கென்று இல்லாமல் வெளிச்சத்தின் அளவைச் சொல்வதற்கென்றே சில செல்கள் உள்ளன என்று 2002-ல் தெளிவானது. நீல வெளிச்சத்துக்கு அவை அதிகமாகப் பதில் தருகின்றன. அவை அனுப்பும் செய்திதான் தலைமைக் கடிகாரத்தை முன்னும் பின்னும் தள்ளுகிறது. கல்லீரலிலும் குடலிலும் தசையிலும் துணைக் கடிகாரங்கள் இருக்கின்றன. குறிப்பாகக் கல்லீரல், சாப்பிடும் நேரத்தைப் பார்த்துத் தன் நேரத்தை வைத்துக்கொள்கிறது. வேறு நாட்டில் இறங்கும்போது இந்தக் கடிகாரங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. தூக்கம் ஒரு நேரத்தில், பசி ஒரு நேரத்தில், சுறுசுறுப்பு வேறொரு நேரத்தில் என்று உடம்பு பிரிந்துகிடப்பது இதனால்தான்.

வெளிச்சம் எந்தப் பக்கம் தள்ளும்

உடலின் வெப்பநிலை நாள் முழுதும் ஒரே அளவில் இருப்பதில்லை. மாலையில் உச்சத்துக்குப் போய், வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் மிகக் கீழே இறங்கும். காலை ஐந்தரைக்கு எழுகிறவருக்கு அது அதிகாலை 3 மணி அளவில் வரும். நைட் ஷிஃப்ட் பார்த்தவர்களுக்கு இந்த நேரத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பன்னிரண்டு மணிவரை பேச்சும் சிரிப்புமாக இருக்கும் கட்டுப்பாட்டு அறை மூன்று மணிக்கு அடங்கிவிடும். எழுந்து நடப்பார்கள், முகம் கழுவுவார்கள், டீ குடிப்பார்கள். அந்த நேரத்தில்தான் உடம்பு மிகவும் தளர்ந்திருக்கிறது.

இந்தத் தாழ்ந்த புள்ளியை மனத்தில் வைத்துக்கொண்டால் வெளிச்சத்தின் கணக்கு எளிது. அதற்கு முந்தைய சில மணி நேரத்தில் கண்ணில் படும் பலமான வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னால் தள்ளும். மறுநாள் தூக்கம் தாமதமாக வரும். அதற்குப் பிந்தைய சில மணி நேரத்தில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னால் இழுக்கும். மறுநாள் சீக்கிரமே தூக்கம் வரும். வீட்டுக்குள் எரியும் விளக்கு சில நூறு லக்ஸ்தான். வெளியே மேகமூட்டமான பகலிலேயே பல்லாயிரம் லக்ஸ் இருக்கும். நல்ல வெயிலில் ஒரு லட்சத்தையும் தொடும்.

நைட் ஷிஃப்ட் தொழிலாளிக்கும் பயணிக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் வருகிறது. ஜெர்மனிக்குப் போனவரை அங்குள்ள சூரியனே மெல்ல மெல்ல அந்த நாட்டு நேரத்துக்குக் கொண்டுபோகும். நெய்வேலித் தொழிலாளிக்குச் சூரியன் எதிர்க்கட்சி. நெய்வேலியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ 80 நிமிடந்தான் வித்தியாசம். எந்த மாதமானாலும் ஆறு மணியை ஒட்டி விடிந்துவிடும். ஷிஃப்ட் முடிந்து சைக்கிளிலோ பைக்கிலோ குவார்ட்டர்ஸுக்குத் திரும்புகிறவரின் முகத்தில் அந்த வெயில் விழுகிறது. மூன்று மணிப் புள்ளி தாண்டிய பிறகு விழும் வெளிச்சம் என்பதால் அது கடிகாரத்தை முன்னால் இழுக்கிறது. இரவில் விழித்திருக்க உடல் பழகுவதைத் தடுக்கிறது. எத்தனை ஆண்டு நைட் ஷிஃப்ட் பார்த்தாலும் பலருக்கு உடம்பு பழகாமல் போவதற்கு முக்கியமான காரணம் இது.

தொழிலாளர் குவார்ட்டர்ஸ்களுக்குப் பகலில் போனால் அந்தப் போராட்டத்தைக் காணலாம். ஜன்னலில் போர்வை தொங்கும். பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பியிருப்பார்கள். அப்படியும் பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடும், கீரைக்காரம்மா குரல் கொடுப்பார், கரண்ட் போனால் மின்விசிறி நின்று வியர்வையில் விழிப்பு வரும். உடம்பும் அது பகல் என்று உள்ளிருந்து சொல்லிக்கொண்டே இருக்கும். ஏழு மணி நேரம் தூங்க வேண்டியவர் ஐந்து மணி நேரத்தில் எழுந்துவிடுகிறார்.

மூன்று நாள் பயணத்தின் வரவு செலவு

உடல் கடிகாரம் தேர் மாதிரி. எத்தனை பேர் இழுத்தாலும் ஒரே இழுப்பில் திரும்பாது. ஜெர்மானிய அறிஞர் யூர்கன் ஆஷோஃப் முதலியோர் பயணிகளை அளந்து சொன்ன கணக்கு இன்றும் வழிகாட்டுகிறது: மேற்கே போனால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், கிழக்கே போனால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடிகாரம் நகரும். நம் கடிகாரத்தின் இயல்பான சுற்று 24 மணியைவிடச் சிறிது நீளம் என்பதால் நாளை நீட்டுவது உடலுக்கு எளிது, சுருக்குவது கடினம். மேற்குப் பயணம் நாளை நீட்டுகிறது. கிழக்குப் பயணம் சுருக்குகிறது.

நெய்வேலியிலிருந்து ஒரு சுரங்கப் பொறியாளர் மூன்று நாள் வேலையாக ஜெர்மனி போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நெய்வேலியில் மண் வெட்டத் தொடங்கியபோது வாளிச்சக்கர இயந்திரங்கள் அந்த நாட்டிலிருந்துதான் வந்தன. கொலோன் நகருக்கு மேற்கே உள்ள கார்ட்ஸ்வைலர், ஹம்பாக் சுரங்கங்களும் பழுப்பு நிலக்கரிக்குப் பெயர் பெற்றவை. குளிர்காலத்தில் ஜெர்மனி நம்மைவிட நாலரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். அந்த நேரத்துக்கு முழுதாக மாற ஏறத்தாழ மூன்று நாள் பிடிக்கும். மாறி முடித்த அன்றே ஊருக்குக் கிளம்ப வேண்டும். திரும்புவது கிழக்கு நோக்கி என்பதால் பழைய நேரத்துக்கு வர நாலைந்து நாள். மூன்று நாள் வேலைக்கு உடம்பு ஒரு வாரம் அலைக்கழிகிறது. மாறாமல் இருந்திருந்தால் போகும்போதும் சேதம் குறைவு, திரும்பியதும் மறுநாளே வேலைக்குப் போகலாம்.

இதை முதலில் நடைமுறையில் கண்டவர்கள் விமானப் பணியாளர்கள். ஸ்வீடனைச் சேர்ந்த லோடனும் ஓக்கர்ஸ்டெட்டும் ஸ்காண்டிநேவியாவிலிருந்து அமெரிக்க மேற்குக் கரைக்குப் போய்க் குறுகிய காலம் தங்கித் திரும்பும் விமானப் பணியாளர்களை ஆராய்ந்து 1998-ல் வெளியிட்டார்கள். நேர வித்தியாசம் ஒன்பது மணி. அங்கே இருந்தபோதும் சொந்த ஊர் நேரப்படியே தூங்கியவர்களுக்கு ஜெட் லேக் தொல்லை குறைவாக இருந்தது.

நான்கு மணி நேர நங்கூரம்

ஊர் நேரப்படியே வாழ்வது எல்லாப் பயணத்திலும் நடக்காது. கூட்டம் இருக்கும், விருந்து இருக்கும், ஹோட்டலில் சாப்பாட்டுக்கு நேரம் இருக்கும். இங்கேதான் மான்செஸ்டரைச் சேர்ந்த மைனர்ஸ், வாட்டர்ஹவுஸ் இருவரின் ஆய்வு கைகொடுக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் அவர்கள் கண்டது இது: ஒருவர் தினமும் 8 மணி நேரம் தூங்குகிறார், அதில் 4 மணி நேரத்தை மட்டும் தினமும் ஒரே நேரத்தில் தூங்கி, மிச்சத்தை எந்த நேரத்தில் தூங்கினாலும் உடலின் தாளம் கலையாமல் நிற்கிறது. அந்த நிலையான பகுதிக்கு நங்கூரத் தூக்கம் என்று பெயரிட்டார்கள்.

குறுகிய பயணத்தின் சூத்திரம் இதிலிருந்து பிறக்கிறது. நெய்வேலியில் நீங்கள் தூங்கும் நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். அதைப் போகும் நாட்டின் நேரத்துக்கு மாற்றுங்கள். அந்த நேரத்துக்கும் அந்த நாட்டின் இரவுக்கும் நடுவில், ஊர்த் தூக்கத்தோடு நாலு மணி நேரமாவது பொருந்தும்படி அங்கே ஒரு தூக்கத்தை அமைத்துக்கொள்ளுங்கள். குறைவதைக் கோழித் தூக்கத்தால் நிரப்பிக்கொள்ளுங்கள். இரவு பத்தரைக்குப் படுத்துக் காலை ஐந்தரைக்கு எழும் ஒருவரை வைத்து மூன்று ஊர்களுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சிங்கப்பூர். நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். நெய்வேலியில் பத்தரை என்றால் அங்கே இரவு 1 மணி. ஐந்தரை என்றால் காலை 8 மணி. இரவு ஒன்றிலிருந்து எட்டுவரை தூங்குவது அங்கே யாருக்கும் இடைஞ்சல் இல்லை. சந்திப்புகளைப் பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளச் சொன்னால் போதும். அங்கே ஏழு மணிக்குத்தான் விடியும். திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுங்கள். விடியல் வெளிச்சம் கண்ணில் பட்டால் கடிகாரத்தைச் சிங்கப்பூர்ப் பக்கம் இழுத்துவிடும். வளைகுடா நாடுகளிலும் வேலை எளிது. துபாய் ஒன்றரை மணி நேரந்தான் பின்னால். சீக்கிரம் தூங்கிச் சீக்கிரம் எழுந்தால் முடிந்தது.

ஜெர்மனி, குளிர்காலம். ஊர்த் தூக்கம் அங்கே மாலை 6 மணியிலிருந்து இரவு 1 மணிவரை விழுகிறது. மாலை ஆறுக்குப் படுக்க முடியாது. இரவு எட்டரைக்குப் படுத்து விடியற்காலை மூன்றரைக்கு எழுங்கள். நெய்வேலி நேரத்தில் அது இரவு 1 மணியிலிருந்து காலை 8 மணி. ஊர்த் தூக்கத்தோடு நாலரை மணி நேரம் பொருந்துகிறது; நங்கூரம் நிற்கிறது. முக்கியமான பேச்சுவார்த்தையைக் காலை ஒன்பதுக்கும் பிற்பகல் மூன்றுக்கும் நடுவில் வைத்துக்கொண்டால் நெய்வேலியில் அது பகல் ஒன்றரையிலிருந்து இரவு ஏழரை. மூளை தெளிவாக இருக்கும். இரவு விருந்து தொல்லைதான். ஏழு மணி விருந்து நம் வயிற்றுக்கு இரவு பதினொன்றரை. பேச்சுக்குப் போய் உட்காருங்கள், சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். கோடைகாலமானால் வித்தியாசம் மூன்றரை மணி நேரமாகக் குறையும். ஆனால் ஜூனில் அங்கே இரவு ஒன்பதரை தாண்டியும் வெயில் இருக்கும். அது தாழ்ந்த புள்ளிக்கு முந்தைய வெளிச்சம். கடிகாரத்தை மேற்கே தள்ளும். எட்டு மணியிலிருந்து கறுப்புக் கண்ணாடி போடுவதும் அறைக்குள் இருப்பதும் உதவும்.

நியூயார்க், குளிர்காலம். வித்தியாசம் பத்தரை மணி நேரம். ஊர்த் தூக்கம் அங்கே நண்பகல் 12 மணியிலிருந்து மாலை 7 மணிவரை. தாழ்ந்த புள்ளி பிற்பகல் நாலரை மணி அளவில் வரும். இரண்டு மூன்று நாளில் இதற்கு முழுத் தீர்வு கிடையாது. பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். கருத்தரங்கில் உங்கள் உரையைக் காலை எட்டிலிருந்து பதினொன்றுக்குள் கேட்டு வாங்குங்கள். நெய்வேலியில் அது மாலை ஆறரையிலிருந்து ஒன்பதரை. பிற்பகல் அறைக்குப் போய் இரண்டு மூன்று மணி நேரமாவது தூங்குங்கள். இரவில் வருகிற அளவு தூங்குங்கள். பிற்பகல் மூன்று முதல் ஆறுவரை கார் ஓட்டாதீர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மகள் வீட்டுக்கு இரண்டு மாதம் தங்கப் போகிறவருக்கு இந்த யோசனை பொருந்தாது. அவர் அங்குள்ள வெயிலில் நன்றாக நடந்து, அந்த ஊர் நேரத்துக்கே மாறிவிட வேண்டும்.

நாலு நாள், ஐந்து நாள் பயணம் நடுவில் நிற்கிறது. வித்தியாசம் மூன்று மணிக்குள் என்றால் ஊர் நேரமே நல்லது. அதற்கு மேல் என்றால் ஜெர்மனிக்குச் சொன்னது போலப் பாதி வழி போய் நிற்பது நல்லது.

அசதி வேறு, ஜெட் லேக் வேறு

சிங்கப்பூரில் இறங்கிய காலையில் ஆள் அசந்துபோய் இருந்தால் எல்லாரும் ஜெட் லேக் என்று சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது வெறும் தூக்கக் கடன். நெய்வேலியிலிருந்து சென்னை விமான நிலையம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். பண்ருட்டி, விக்கிரவாண்டி, திண்டிவனம் தாண்டி நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். விமானம் நள்ளிரவை ஒட்டி என்றால் மாலையிலேயே கிளம்ப வேண்டும். விமானத்தில் ஏறிச் சாப்பாட்டுத் தட்டு எடுத்துப் போகும்வரை தூக்கம் இல்லை. நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர் வந்துவிடும். இந்த அசதி ஓர் இரவு நன்றாகத் தூங்கினால் போய்விடும். ஜெட் லேக் அப்படிப் போகாது.

முடிந்தவரை பகல் விமானம் எடுங்கள். இரவு விமானம்தான் என்றால் அன்று பிற்பகல் ஒன்றரை மணி நேரமாவது படுத்து எழுந்து கிளம்புங்கள். நைட் ஷிஃப்ட் போகிறவர்கள் மத்தியானம் படுத்து எழுந்து போவது இதே காரணத்துக்காகத்தான். விமானத்தில் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கண்மூடி இருப்பது பல பயணிகளுக்கு நல்ல பலன் தரும்.

திரும்பி வரும்போது கவனம் இன்னும் அதிகம் தேவை. விமானம் நள்ளிரவில் இறங்கும். வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று உடனே காரில் ஏறுவோம். விக்கிரவாண்டியைத் தாண்டும்போது மூன்று, மூன்றரை மணி. பயணிக்கும் டிரைவருக்கும் உடம்பு மிகத் தாழ்ந்திருக்கும் நேரம் அது. டிரைவர் பகலில் தூங்கினாரா என்று கேட்டுவிட்டுக் காரை அனுப்பச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் சென்னையிலேயே தங்கி விடிந்தபின் கிளம்புங்கள். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு யோசனையைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

காபி, மாத்திரை, இன்சுலின்

குடித்த காபியில் பாதி காஃபீன் உடம்பைவிட்டுப் போக ஐந்து மணி நேரம் அளவில் ஆகும். படுக்கும் நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் கனமாக எடுத்த காஃபீன், கடிகாரத்தையே ஏறத்தாழ 40 நிமிடம் பின்னால் தள்ளியதாக 2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே காபி குடிப்பதற்கு நெய்வேலி நேரத்தையே பாருங்கள். ஊரில் மாலை ஐந்துக்குமேல் குடிக்காதவர் ஜெர்மனிக் குளிர்காலத்தில் பகல் பன்னிரண்டரையோடு நிறுத்த வேண்டும். மது சீக்கிரம் தூங்கவைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும். கோழித் தூக்கம் இருபது, முப்பது நிமிடத்தோடு இருந்தால் எழுந்ததும் தலை பாரமாக இராது.

மெலடோனின் இருட்டியபின் மூளை சுரக்கும் ஹார்மோன். தூங்கும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஏறத் தொடங்கும். ஐந்தோ அதற்கு மேலோ நேர மண்டலங்களைக் கடந்தவர்களுக்கு, சேரும் ஊரின் இரவுத் தூக்கத்தை ஒட்டி எடுத்தால் இது பலன் தருகிறது என்று 2002-ல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு முடிவு செய்தது. கடிகாரத்தை மாற்றுவதுதான் அதன் வேலை. மாற்ற வேண்டாம் என்று நாம் முடிவு செய்திருக்கும் மூன்று நாள் பயணத்தில் அதற்கு இடம் குறைவு. தப்பான நேரத்தில் எடுத்தால் தப்பான பக்கம் இழுக்கும். வேண்டுமென்றால் டாக்டரைக் கேட்டே எடுங்கள். பக்கத்து வீட்டார் கொடுக்கும் தூக்க மாத்திரையைத் தொடாதீர்கள்.

நம் வீடுகளில் சர்க்கரை நோயாளிகள் அதிகம் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். இன்சுலின் போடுகிறவர், வலிப்புக்கோ ரத்த அழுத்தத்துக்கோ நேரம் தவறாமல் மாத்திரை எடுக்கிறவர், டிக்கெட் வாங்கியதும் போகும் நேரம் வரும் நேரத்தோடு டாக்டரைப் பார்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தைக் கைப்பையில் வையுங்கள். கைக்கடிகாரம் ஒன்றை நெய்வேலி நேரத்திலேயே விட்டுவைப்பது இவர்களுக்கு மிகவும் உதவும்.

ஷிஃப்ட் பட்டியலுக்கு ஒரு பாடம்

1982-ல் சைஸ்லரும் கூட்டாளிகளும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உப்பு ஏரிக் கரையிலுள்ள ஒரு கனிமத் தொழிற்சாலையின் ஆய்வை வெளியிட்டார்கள். அங்கே தொழிலாளர்கள் வாரந்தோறும் ஷிஃப்ட் மாறினார்கள், அதுவும் நேரம் முன்னோக்கி வருகிற வரிசையில்: இரவு, பிறகு மாலை, பிறகு காலை. உடம்புக்கு அது வாராவாரம் கிழக்கே பறப்பது போல. ஆய்வாளர்கள் வரிசையைத் திருப்பினார்கள். காலை, மாலை, இரவு என்று நேரம் பின்தள்ளிப் போகும்படி வைத்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாறச் செய்தார்கள். தொழிலாளர்களின் மனநிறைவும் உடல்நலமும் கூடின, உற்பத்தியும் உயர்ந்தது. செலவு செய்து ஓர் இயந்திரம்கூட வாங்கவில்லை. பட்டியலை மாற்றி எழுதியதோடு சரி.

வேறொரு வழியும் உண்டு. இரண்டு இரவுக்கு மேல் தொடர்ந்து நைட் ஷிஃப்ட் போடாமல் இருப்பது. அது குறுகிய பயணத்தின் தத்துவமேதான்: கடிகாரம் நகர்வதற்குள் ஊர் நேரத்துக்குத் திரும்பிவிடுவது. மிகவும் கெடுதலானது நடுவில் இருக்கும் வாராந்தர முறை. கடிகாரம் பாதி நகர்ந்திருக்கும்போது திருப்பி இழுக்கப்படுகிறது. மூன்று நாளில் முழுதாக மாற முயன்ற நம் பொறியாளரின் கதி இதுதான். அவருக்கு ஒருமுறை, தொழிலாளிக்கு மாதாமாதம்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, உடல் தாளத்தைக் குலைக்கும் ஷிஃப்ட் வேலை மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற வகையில் 2007-ல் சேர்த்தது. 2019-ல் இரவு வேலையை மறுபடி ஆய்ந்து அதே வகையில் வைத்தது. ஜெட் லேக் பற்றி நாம் அறிந்ததை விமானத்தில் பறக்கிறவருக்கான குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்வது போதாது. பயணி ஒரு வாரத்தில் தேறிவிடுவார். இரவில் பம்பும் கொதிகலனும் பார்க்கிறவர் முப்பது ஆண்டு இதையே செய்கிறார். அவருடைய ஷிஃப்ட் வரிசை எந்தப் பக்கம் சுழல வேண்டும், தொடர்ந்து எத்தனை இரவு போடலாம், நைட் ஷிஃப்ட் முடிந்த பகலில் அவரைப் பயிற்சிக்கும் கூட்டத்துக்கும் கூப்பிடலாமா என்று பட்டியல் எழுதுகிறவர்கள் இந்த அறிவை வைத்து முடிவெடுக்க வேண்டும். வீட்டில் உள்ளவர்கள் காலை ஒன்பதிலிருந்து பிற்பகல் இரண்டுவரை அவருக்கு இருட்டும் அமைதியும் உள்ள ஓர் அறையை ஒதுக்க வேண்டும். மூன்று நாள் பயணம் கிளம்புகிறவரோ டிக்கெட் எடுக்கும் முன்பே ஒரு தாளில் இரண்டு வரி எழுதிவிடலாம்: நெய்வேலியில் நான் தூங்கும் நேரம், அது அங்கே எத்தனை மணி. மிச்சத் திட்டம் எல்லாம் அந்த இரண்டு வரியிலிருந்து வந்துவிடும்.